நாலாவது வளைவில் ஒரு பயணி

ஜூன் 3, திங்கள்

இது ரவிக்கை அளவு எழுதுவதற்கு வாங்கிய நோட்டு. பின்பக்கத்தில் நாற்பது தாள் சும்மா கிடக்கிறது. அதில் என் வயிற்றெரிச்சலை எழுதலாம் என்று இன்று முடிவெடுத்தேன். பக்கத்து வீட்டில் சொன்னால் சாயங்காலத்துக்குள் உப்பிலிபாளையம் வரை போய்விடும். நோட்டுக்கு வாய் கிடையாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் வீட்டுக்காரர் மருதாசலம் ஐம்பத்து நான்கு வயதில் பொம்மைக் கார் வாங்கியிருக்கிறார்.

காராகக்கூட இல்லை. ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் இருபது பிளாஸ்டிக் பை, ஒவ்வொரு பைக்குள்ளும் மிளகு சைஸில் திருகாணிகள். நாமே உட்கார்ந்து பூட்டி, மோட்டார் வைத்து, கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டுமாம். இதற்கென்று பந்தயம் வேறு நடக்கிறதாம். டைட்டஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவர். இவர் ஓட்டிய டவுன் பஸ்ஸில் பத்து வருடம் தினமும் போய்வந்தவர். "டிரைவரண்ணன் கை சும்மா இருக்கக் கூடாதுங்க்கா" என்றார். விலையை மட்டும் சொல்லவில்லை. இவரைக் கேட்டேன். இவர் கூரையைப் பார்த்தார். அங்கே விலை எழுதியிருக்கிறதா என்று நானும் பார்த்தேன்.

ஜூன் 5, புதன்

விலை தெரிந்துவிட்டது. இங்கே எழுத மாட்டேன். ஒரு நல்ல பவர் மிஷின் வாங்கி முன்னறையில் என் தையலுக்குப் போட்டிருக்கலாம். அதுவும் பேட்டரி தனியாம், சார்ஜர் தனியாம், டயர் தனியாம். சேலையை விற்றுவிட்டு முந்தானைக்குத் தனிக் காசு கேட்கிற கதை.

ஆனால் ஒன்று. மதியம் சாப்பிடும்போது அவராகவே பேசினார். "டிஃபரன்ஷியல் இருக்குது புள்ள இதுக்குள்ள. பஸ்ஸுல இருக்கற அதே சமாச்சாரம். சுண்டைக்காய் அளவுல வெச்சிருக்கறான்" என்றார். கார்த்திகை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்து நான் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினேன். தட்டு நிறைந்து தரைக்கு வந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

கார்த்திகையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். யாரோ ஒரு பெண் பயணி பஸ் கம்பெனிக்குப் போன் செய்து, இந்த டிரைவருக்கு நினைவு தப்புகிறது என்று சொல்லிவிட்டாள். கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். வலிப்பில் இது ஒரு வகையாம். கீழே விழுந்து கைகால் இழுக்காது. அரை நிமிடம் ஆள் மட்டும் இங்கே இருக்க மாட்டார், அவ்வளவுதான். இனி வண்டி ஓட்டவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். இருபத்தொன்பது வருட சர்வீஸ். ஒரு ஆட்டுக்குட்டிமேல்கூட ஏற்றாத மனிதர்.

அன்று வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையையும் பேன்ட்டையும் தானே துவைத்தார். மறுநாள் தேய்த்து, மடித்து, பீரோவில் அடித்தட்டில் வைத்தார். அதன்பிறகு கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

மாத்திரை தவறாமல் போகிறது. காலை ஒன்று, இரவு ஒன்று.

ஜூன் 13, வியாழன்

மாத்திரையால் அவருக்குக் கை நடுங்குகிறது. இன்று ஒரே திருகாணி மூன்று தரம் கீழே விழுந்தது. மூன்றாவது தரம் அவர் குனிந்து தேடவில்லை. பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். நான் முப்பது வருடம் கொக்கி தைத்த கை, இதென்ன பிரமாதம்! அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படம் போட்ட புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் பூட்டினேன். "ஏனுங்க, இது எந்தப் பக்கம் வரும்?" "எடப்பக்கம் புள்ள. அது நெட்டை. குட்டையா ஒண்ணு இருக்கும் பாரு." இப்படியே இரண்டு பை காலி. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை.

ஜூன் 20, வியாழன்

இந்தக் காருக்கு நாலு எண்ணெய் ஸ்பிரிங். கட்டைவிரலில் பாதிகூட இல்லாத குழாயில் எண்ணெய் விட்டு, உள்ளே ஒரு காற்றுக்குமிழி இல்லாமல் மூட வேண்டும். ஒரு குமிழி இருந்தாலும் வண்டி துள்ளுமாம். குமிழி மேலே வரும்வரை இரண்டு பேரும் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலக் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

மோட்டார் பல்லும் பெரிய பல்சக்கரமும் உரசவும் கூடாது, விலகவும் கூடாது. நடுவே ஒரு தாளை விட்டு இறுக்கிவிட்டு, தாளை உருவிவிட வேண்டும். அந்த இடைவெளிதான் சரியான இடைவெளி. எந்தத் தாள் என்று அவர் யோசித்தார். ரவிக்கைக்குப் பேட்டர்ன் வெட்டும் தாளை நீட்டினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெய் போல ஓடியது. "அட!" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என் வேலையைப் பார்த்து அவர் "அட" என்றது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எதற்கு என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுதமாட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

டைட்டஸ் வந்திருந்தார். பேச்சுவாக்கில், "யாருங்கண்ணா அந்தப் பயணி? கண்டுபுடிச்சீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தார். நான் மிஷினில் இருந்தேன். ஊசி என் நகத்தை ஒட்டி இறங்கியது.

இவர் நிதானமாகக் காரின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்த அம்மாளப் பாத்தா ஒரு வார்த்தை சொல்லோணும் டைட்டசு" என்றார்.

"என்ன வார்த்தைங்கண்ணா?"

"பாக்கறப்ப சொல்லிக்கறேன்."

ஜூலை 2, செவ்வாய்

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. நோட்டுக்கு வாய் கிடையாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

நான்தான் அந்தப் பயணி.

புரட்டாசியில் ஒரு தரம், ஐப்பசியில் இரண்டு தரம் அவருக்கு நினைவு தப்புவதை வீட்டிலேயே பார்த்தேன். டாக்டரிடம் போகலாம் என்று அழுதேன், காலைப் பிடித்தேன். "தூக்கம் பத்தல, அவ்வளவுதான்" என்று காக்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் முதல் டிரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் ஏறுவார்கள். ஒருநாள் மருந்துக்கடைக்காரரின் போனை வாங்கி, குரலை மாற்றிக்கொண்டு பேசினேன். "நான் அந்த பஸ்ஸுல தெனமும் வர்றவங்க. உங்க டிரைவருக்கு திடீர்னு நெனப்பு தப்பிப்போகுது. வாயச் சப்புக்கொட்டிட்டு, லுங்கி ஓரத்தத் திருகிட்டே ஒக்காந்திருக்கறாரு. கூப்ட்டாக் காது கேக்கறதில்ல. புள்ளைங்க வர்ற வண்டிங்க, தயவு பண்ணிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. என் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவருக்குத் தெரிந்தால் அடிக்கமாட்டார், திட்டமாட்டார். பழையபடி வாயை மூடிக்கொள்வார். அதுதான் எனக்குத் தாங்காது. இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்.

ஜூலை 8, திங்கள்

இன்று என் கையால் ஒரு கெட்ட காரியம் நடந்துவிட்டது.

வண்டி ஓடத் தயாராகி, முன்னறையில் சும்மா உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் பாத்ரூம் போனார். ரிமோட் பீப் பீப் என்று கத்தியது. மின்சாரம் வீணாகிறதே என்று அதை அணைத்தேன். அவ்வளவுதான்! கார் வெறிபிடித்தது போலப் பாய்ந்து என் தையல் மிஷின் காலில் மோதி மல்லாந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் கை ஒடிந்து தொங்கியது. அணைக்கும்போது முதலில் காரை அணைக்க வேண்டுமாம், ரிமோட்டைக் கடைசியில்தான் அணைக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

அவர் வந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "என்னையக் கேக்காம நீ எதுக்குத் தொட்டே? எல்லாத்தையும் என்னையக் கேக்காமயேதான் நிறுத்துவீங்களா?" என்றார்.

"யாரு நிறுத்துனா?" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

பேச்சு இல்லை.

ஜூலை 10, புதன்

இல்லை. ரசம் வைத்தேன். தொடவில்லை.

ஜூலை 15, திங்கள்

ஆடிக்கு முன்னால் முகூர்த்தச் சீசன் முடிகிற நேரம், கல்யாண ரவிக்கை எட்டு வந்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியது. எட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். முதுகு விட்டுப்போய்விட்டது. அந்தக் காசில் டைட்டஸ் மூலமாக அந்த முன்சக்கரக் கை இரண்டு ஜோடி வரவழைத்தேன். ஒன்று மாட்ட, ஒன்று கைவசம். கூடவே ஸ்டியரிங்கைத் திருப்புகிற சின்ன மோட்டாரிலும் நல்லதாக ஒன்று வாங்கினேன். அவர் ரொம்ப நாளாகப் படத்தில் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தது. வீண் செலவுதான். தெரிந்தே செய்தேன்.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். பிறகு, "எட்டு ரவிக்கையா புள்ள?" என்றார்.

"இல்லீங்க, வானத்துல இருந்து விழுந்துச்சு" என்றேன்.

சிரித்தார். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 19, வெள்ளி

காரின் மேல்கூடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. வர்ணத்தை வெளியே அடிக்கக் கூடாது, உள்பக்கம் அடிக்க வேண்டும். அப்போதுதான் மோதினாலும் வர்ணம் உரியாது. அவர் ஓட்டிய ரூட் நம்பர் 37-ஐ நான் ஆசையாக உள்ளே எழுதினேன். திருப்பிப் பார்த்தால் கண்ணாடியில் பார்த்தது போல நம்பர் திரும்பி நிற்கிறது! துணியில் நல்ல பக்கம், கெட்ட பக்கம் பார்த்தே வயசானவள் நான். அழித்து மறுபடி எழுதினேன். பஸ்ஸின் அதே மஞ்சள், அதே சிவப்புக் கோடு.

காய்ந்ததும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வர்ண நெடியில் கண்ணில் நீர் வந்திருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

பந்தயம் எங்கே தெரியுமா? கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில். ஆடியில் கல்யாணம் கிடையாது, இடம் காலி. அதனால் இந்தக் கூட்டத்துக்கு வருடம் முழுவதும் ஆடி எப்போது வரும் என்றே கவலை. தண்ணீர்க் குழாயை வளைத்து வளைத்துப் பாதை போட்டிருக்கிறார்கள். மொத்தம் ஆறு வளைவு. ஓட்டுகிறவர்கள் ஓரமாக ஒரு மேடையில் ஏறி நின்றுகொள்கிறார்கள். ஆளெல்லாம் பெரிய ஆட்கள். டாக்டர், வக்கீல், லேத் பட்டறைக்காரர். கார் கவிழ்ந்தால் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்.

ஒரு வழக்கம் எனக்குப் பிடித்தது. கவிழ்ந்த காரை ஓட்டுகிறவர் இறங்கி வந்து தொடக் கூடாது. வளைவுக்கு ஒரு ஆள் நிற்பார், அவர்தான் நிமிர்த்தி விட வேண்டும். சொந்தக்காரர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது. எது முதலில் கவிழ்ந்ததோ அதைத்தான் முதலில் தூக்க வேண்டும். பந்தயத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் இப்படி ஒரு ஆளைக் கூட்டி வர வேண்டுமாம்.

"உங்க ஆளு யாருங்கண்ணா?" என்று டைட்டஸ் கேட்டார். இவர் என்னைக் கை காட்டினார். நான் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்வதா! சரி என்று சொல்லிவிட்டேன். நாலாவது வளைவு எனக்கு.

ஜூலை 28, ஞாயிறு

இன்று பயிற்சி ஓட்டம். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஐந்தாறு சுற்று அழகாக ஓட்டினார். மற்றவர்கள் பறந்தார்கள், இவர் பஸ் ஓட்டுவது போல ஒரு குழாயிலும் உரசாமல் வந்தார். திடீரென்று மஞ்சள் கார் வேகம் குறைந்து நடுப்பாதையில் நின்றுவிட்டது. மேடையைப் பார்த்தேன். ரிமோட் கழுத்து வாரில் தொங்குகிறது. வாய் சப்புக்கொட்டுகிறது. விரல்கள் சட்டை நுனியைத் திருகுகின்றன.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். மற்ற கார்கள் மஞ்சள் காரை ஒதுங்கிக் கடந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் கண்ணில் ஆள் திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார்.

"வண்டி நின்னுருச்சா?"

"நின்னுருச்சுங்க. நீங்க விரல எடுத்துட்டீங்க. தானா நின்னுருச்சு."

"மோதலயே?"

"யாரு மேலயும் மோதல."

டைட்டஸ் மண்டபத்து நாற்காலி ஒன்றை மேடையில் போட்டார். இவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். யாரிடமோ சொல்வது போல, "விரல எடுத்தா இது நின்னுருது. பஸ்ஸு நிக்காது புள்ள" என்றார். நான்தான் அந்தப் பயணி என்று சொல்ல வாய் வந்தது, முழுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

டாக்டரிடம் போனோம். மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார். கார் பந்தயம் ஓட்டலாமா என்று இவர் கேட்டார், டாக்டர் திடுக்கிட்டுவிட்டார். விளக்கிச் சொன்னதும், "உட்கார்ந்து ஓட்டுங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். அப்புறம் காரின் விலையைக் கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 10, சனி

நாளை பந்தயம். சேலை சரிப்படாது என்று பழைய சுடிதாரை இடுப்பில் பிரித்துத் தைத்தேன். கூடத்தில் ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்து, ஓடிப்போய் நிமிர்த்தி நிமிர்த்திப் பழகினேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து விநாடி எண்ணினார். ஏழு விநாடியிலிருந்து நாலுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டிக்கர் கடைக்குப் போய்வந்தார். காரை மடியில் கவிழ்த்து வைத்து என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சட்டென்று நிமிர்த்திவிட்டார். "அடியில அடிபடாம இருக்கறதுக்கு" என்றார். கையில் எடுத்துப் பார்க்கவும் விடவில்லை. நான் ரிமோட்டை அணைத்த கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பீரோவிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் காலரை நீவிவிட்டேன்.

ஏழு கார், ஐந்து நிமிடம். இவர் மேடையில் நாற்காலியில். நான் நாலாவது வளைவில், கூலிங் கிளாஸ் ஒன்று கொடுத்திருந்தார்கள், அதையும் போட்டுக்கொண்டு. இரண்டாவது நிமிடத்தில் வக்கீலின் கார் கவிழ்ந்தது, தூக்கி விட்டேன். லேத் பட்டறைக்காரர் கார் கவிழ்ந்தது, அதையும் தூக்கி விட்டேன். செம்பை நிமிர்த்திப் பழகியது வீண் போகவில்லை. மஞ்சள் வண்டி நாலாவதாக வந்துகொண்டிருந்தது. நாலாவது! இப்படியே போனால் ஒன்று இரண்டு பேரைத் தாண்டியும் விடுவார்.

அப்போது மஞ்சள் வண்டி என் வளைவுக்குள் வந்து, நேராகக் குழாய்மேல் ஏறி, குட்டிக்கரணம் போட்டு, என் காலடியில் மல்லாந்து விழுந்தது.

ஓடிப்போய் எடுத்தேன். அடித்தகடு என்னைப் பார்த்து இருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் எழுதுவது போலச் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது:

அந்தப் பெண் பயணிக்கு நன்றி.

கையில் காரோடு நின்றுவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. மற்ற கார்கள் காலைச் சுற்றிப் போகின்றன. "அக்கா! கீழ வைங்க்கா! அக்கா, வண்டியக் கீழ வைங்க!" என்று டைட்டஸ் மைக்கில் கத்துகிறார். கூட்டமே கத்துகிறது. கண்ணீர் கண்ணை மறைத்ததில் ஒன்றும் தெரியாமல் காரை எதிர்த்திசையில் வைத்துவிட்டேன். அது வந்த வழியே திரும்பிப் போய் வக்கீலின் காரை முட்டியது.

கடைசி இடம். ஏழுக்கு ஏழு.

மேடையைப் பார்த்தேன். அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்து காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். கம்பெனி கிளார்க்கு புகாரப் படிச்சுக் காட்டுனான். டிரைவர் லுங்கி ஓரத்தத் திருகறாருன்னு ஒரு பயணி சொல்றாங்கன்னான். ஏம்புள்ள, இருபத்தொம்பது வருசத்துல நான் என்னைக்கு லுங்கி கட்டிட்டு பஸ் ஓட்டுனேன்?"

சாமி! நான் தலையில் அடித்துக்கொண்டேன். என்ன சாமர்த்தியம், என்ன சாமர்த்தியம்!

"அப்ப ஏன் கேக்கல?"

"கோவந்தான். ரொம்பக் கோவம். நீ வாயத் தொறந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ பாட்டுக்குத் திருகாணி பூட்டிட்டு இருந்தே." காப்பியை ஒரு வாய் குடித்தார். "பயிற்சியன்னைக்கு இந்த வண்டி நடுப்பாதையில நின்னதப் பாத்தேன் பாரு. அந்த நாப்பது புள்ளைங்களும் கண்ணு முன்னால வந்துட்டாங்க. அப்பறம் என்ன கோவம்?"

அழுதேன். எட்டு மாத அழுகை, துப்பட்டா நனைந்துவிட்டது. அவர் என் தலையில் கை வைத்தார். கை நடுங்கியது. மாத்திரைதான் காரணம் என்று எழுத மனம் வரவில்லை.

இன்று காலையில் காரைத் துடைக்கும்போது ஸ்டிக்கரின் ஓரம் லேசாகக் கிளம்பியிருந்தது. அதன்மேல் கண்ணாடி டேப் ஒட்டினேன். அப்போதுதான் உறைத்தது. அந்த நாலாவது வளைவில் அவர் ஒருநாளும் கவிழ்ந்ததே இல்லை. பயிற்சியில்கூட இல்லை.

"ஏனுங்க, நாலாவதா வந்துட்டு இருந்தீங்க. அந்த எடத்துல வேணும்னேதான கவுத்தீங்க?"

அவர் அடுத்த ஆடிக்கு எந்த டயர் வாங்கலாம் என்று படம் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"பயணி நிக்கற எடத்துலதான புள்ள வண்டிய நிறுத்தோணும்" என்றார்.

நான் ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.